பிக்காசோவில் நாலாயிரத்தில் ஐந்து பங்கு

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தை ஒட்டி லே ஃப்ரீபோர்ட் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 2010-ல் திறந்தார்கள். அலங்காரப் பேச்சையெல்லாம் கழித்துவிட்டால் அது ஒரு குடோன். அரிசி மூட்டைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் பதிலாக உள்ளே ஓவியம், தங்கக் கட்டி, பழைய ஒயின், நகை. சுங்க வரி கட்டாமல் வருடக்கணக்கில் பொருளை வைத்திருக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் ஒரே அளவில் நிற்கும். எது யாருடையது என்று வெளியே தெரியாது. கட்டுவதற்குச் சுமார் 10 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஆனதாம். 2022-ல் வெறும் 4 கோடி வெள்ளிக்குக் கைமாறியது. வாங்கியவர் ஜிஹான் வூ. பிட்காயின் மைனிங் இயந்திரங்களைச் செய்து விற்கும் பிட்மெயின் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

எல்லாமே இனி பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில்தான் என்று சொல்லும் உலகத்தில் பணம் பார்த்தவர், தடித்த சுவரும் இரும்புக் கதவும் உள்ள ஒரு குடோனை வாங்குகிறார். கேட்கிறபோது விசித்திரமாக இருக்கும். ஆனால் ஆடம்பரப் பொருளை டோக்கனாக்கி விற்கும் தொழிலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், முக்கால்வாசி விஷயம் குடோனில்தான் இருக்கிறது என்பது புரியும்.

போன வருடம் சித்தப்பா மகன் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, ரோலக்ஸ் வாட்ச்சுல பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கலாமாம், போடட்டுமா?" என்றான். "வாட்ச் எங்கேடா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆப்ல இருக்கு" என்றான். இந்தக் கட்டுரைக்கு விதை அந்தப் பதில்தான்.

டோக்கன் என்றால் என்ன என்பதை நம் ஊர்ப் பத்திரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். சென்னையில் ஃபிளாட் வாங்கியவர்களின் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு வரி இருக்கும். பேச்சில் யூடிஎஸ். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் எட்டு ஃபிளாட் சம அளவில் கட்டினால் ஆளுக்கு 300 சதுர அடி. அந்த 300 எது என்று தரையில் கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆனாலும் அது உங்களுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். காரணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவு இருக்கிறது, அந்தப் பதிவுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது.

டோக்கனும் அப்படி ஒரு பிரிபடாத பாகத்தின் சீட்டுதான். பதிவேடு மட்டும் சார்பதிவாளரிடம் இல்லாமல், பல கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும். யாரும் தனியாக உட்கார்ந்து பழைய வரியை அடித்துத் திருத்த முடியாது. அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. பின்தேதி போட்டு எழுதுவது, பக்கத்தைக் கிழிப்பது போன்ற வித்தைகள் அங்கே செல்லாது.

நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் சிக்னம் வங்கியும் ஆர்ட்டெமுண்டி என்ற கலை முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து பிக்காசோ 1964-ல் வரைந்த ஓர் ஓவியத்தை டோக்கனாக்கின. பெரே தொப்பி போட்ட ஒரு சிறுமியின் படம். மதிப்பு 40 லட்சம் சுவிஸ் பிராங்க். 4,000 டோக்கன், ஒன்று 1,000 பிராங்க். குறைந்தது 5,000 பிராங்காவது போட வேண்டும். அதாவது நுழைவுச் சீட்டே ஐந்து டோக்கன், படத்தில் எண்ணூறில் ஒரு பங்கு. பதிவேட்டில் உள்ள டோக்கனையே பங்குப் பத்திரத்துக்குச் சமமாக ஏற்கும் சட்டம் சுவிட்சர்லாந்தில் அதே வருடம் பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. உரிமம் பெற்ற வங்கி, பாதுகாப்புக் கிடங்கில் படம், துணைக்குப் புதுச் சட்டம் என்று, இந்தத் தொழிலில் இதுவரை நடந்தவற்றில் ஒழுங்காகக் கட்டப்பட்டவற்றுள் ஒன்று அது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன். மோசமானதைக் காட்டித் திட்டுவது சுலபம்.

சரி, ஐந்து டோக்கன் வைத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? படத்தை வீட்டில் மாட்ட முடியாது. எப்போது விற்பது என்று அவர் ஒருவராக முடிவு செய்ய முடியாது. படம் விற்றால் வரும் பணத்தில் அவர் பங்கு வரும், அவ்வளவுதான். ஃபிளாட்காரரிடம் பத்திரமும் இருக்கிறது, வாசல் சாவியும் இருக்கிறது. இவரிடம் பத்திரம் மட்டும். சாவி வேறொருவர் இடுப்பில்.

தங்கத்துக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. 2019-லிருந்து பாக்ஸோஸ் நிறுவனம் ஒரு தங்க டோக்கன் வெளியிடுகிறது. ஒரு டோக்கனுக்கு ஒரு டிராய் அவுன்ஸ், ஏறக்குறைய 31.1 கிராம், லண்டன் பெட்டகங்களில் இருக்கும் கட்டிகளுக்கு எதிராக. தங்கத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் விலை இருக்கிறது. எந்த ஊர் ஆசாரியும் உரசிப் பார்த்துவிடலாம். ஒரு கட்டி போனால் இன்னொரு கட்டியைக் கொடுத்துச் சரிக்கட்டலாம். ஆடம்பரப் பொருள் நேர் எதிர். வேறு எதற்கும் ஈடாகாது என்பதுதான் அதன் விலையே. தங்கத்தை வெட்டினால் துண்டும் தங்கம். ஓவியத்தை வெட்டினால் கந்தல். எனவே பொருளை வெட்டாமல் அதன் மேல் உள்ள உரிமையை மட்டும் வெட்டுகிறோம். அந்த உரிமையை யார் யாரிடம் கேட்டு வாங்குவது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பதிவேடு எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், முதல் வரியை எழுதுவது ஒரு மனிதர். 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஒயின் ஏலம் நடக்க இருந்தது. பர்கண்டியின் போன்சோ பண்ணை பெயரில் 'குளோ சான்-தெனி' என்ற ஒயின், 1945-ஆம் வருடத்திலிருந்து வரிசையாகப் பாட்டில்கள். ஏலப் பட்டியல் கண்ணில் பட்டதும் பண்ணைக்காரர் லோரான் போன்சோ திகைத்துப் போனார். காரணம் எளிது. அவர் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில். விமானம் பிடித்து நியூயார்க்குக்கே வந்துவிட்டார். பாட்டில்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. சரக்கைக் கொடுத்தவர் ரூடி குர்னியவான் என்ற இளைஞர், அமெரிக்கப் பெரும்புள்ளிகளுக்கு அபூர்வ ஒயின் விற்றுப் பேர் வாங்கியவர். 2012-ல் அவர் வீட்டை எஃப்பிஐ சோதனை போட்டபோது ஆயிரக்கணக்கான லேபிள்களும், கார்க்குகளும், முத்திரை குத்தும் சாமான்களும் கிடைத்தன. 2014-ல் பத்து வருடச் சிறை.

அந்த 1945 பாட்டிலை யாராவது டோக்கனாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிளாக்செயின் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், யாரும் அழிக்க முடியாதபடி, இல்லாத ஒயினின் பதிவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். கைமாறிய தேதி, நேரம், நொடி எல்லாம் சரி. பாட்டில் மட்டும் பொய். பாட்டிலில் சில்லு பதிப்பது, க்யூஆர் ஒட்டுவது, வைரத்தின் நடுப்பட்டையில் லேசரில் எண் பொறிப்பது எல்லாம் இந்த இடைவெளியை அடைக்கச் செய்யும் முயற்சிகள்தான். புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வரும் பொருளுக்கு அவை நன்றாகவே பலன் தரும். எல்விஎம்ஹெச், பிராடா, கார்த்தியே (Cartier) என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனங்கள் மூன்றும் 2021-ல் சேர்ந்து தொடங்கிய ஆரா கூட்டமைப்பு அந்த வகை. பை தைக்கப்பட்ட அன்றே அதற்கு ஒரு டிஜிட்டல் ஜாதகம் எழுதிவிடுகிறார்கள். ஆனால் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த கடிகாரத்துக்கு யார் ஜாதகம் எழுதுவது? பழைய பொருளில்தான் பெரிய பணம் இருக்கிறது, பொய்யும் அங்கேதான் குடியிருக்கிறது.

விஸ்கிப் பீப்பாய் இன்னும் வேடிக்கையான விஷயம். ஸ்காட்ச் என்ற பெயர் வேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே, ஓக் மரப் பீப்பாயில், குறைந்தது மூன்று வருடம் ஊற வேண்டும். அதுவரை அது வரி கட்டாத கிடங்கில்தான் இருக்கும். வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போக முடியாது. ஒருவர் பீப்பாயை விற்றால், 'இதை இன்னார் கணக்குக்கு மாற்று' என்று கிடங்குக்காரருக்கு டெலிவரி ஆர்டர் எழுதிக்கொடுக்க வேண்டும். கிடங்குக்காரர் தன் பேரேட்டில் பெயரை மாற்றிக்கொண்டால்தான் பீப்பாய் உங்களுடையது. அழகான சான்றிதழை அச்சடித்துக் கொடுத்து, பேரேட்டில் பெயரே மாற்றாமல், ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற மோசடிகள் பிரிட்டனில் நடந்திருக்கின்றன. காகிதச் சான்றிதழ் இருந்த இடத்தில் இப்போது டோக்கன். கிடங்குக்காரரின் பேரேடு அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதோடு சரக்கு ஆவியாகிக்கொண்டே வேறு இருக்கும். வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம். 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குச் செல்லப் பெயர். 200 லிட்டர் பீப்பாய் 12 வருடத்தில் சுமார் 157 லிட்டர் ஆகிவிடும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சட்டப்படி அது விஸ்கியே இல்லை. உங்கள் போனில் டோக்கன் எண்ணிக்கை மட்டும் துளி குறையாமல் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே டோக்கனை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்பதற்கு ஒரு வயலின் சாட்சி. 1708-ல் ஸ்ட்ராடிவாரி செய்த அந்த வயலின் ஒரு காலத்தில் ரஷ்யப் பேரரசி கேத்தரினுடையது என்பார்கள். அனிமோக்கா பிராண்ட்ஸ் நிறுவனத்தின் யாட் சியூ அதை 2023-ல் ஏலத்தில் 90 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். பிறகு அதற்கு ஒரு என்எஃப்டி, அதாவது அந்த ஒரு பொருளுக்கென்றே ஒரு தனி டோக்கன், உருவாக்கி, அதை வைத்து கேலக்ஸி டிஜிட்டல் நிறுவனத்திடம் கடன் வாங்கினார். 2024 தொடக்கத்தில் செய்தி வெளிவந்தது. கேலக்ஸி கிரிப்டோ உலகத்திலேயே பெரிய கை. அவர்களாவது டோக்கன் போதும் என்றார்களா? இல்லை. டோக்கனையும் அடமானம் வாங்கினார்கள், வயலினையும் வாங்கினார்கள். வயலின் ஹாங்காங்கில் ஒரு பாதுகாவலரிடம் இருக்கும், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் வெளியே எடுக்கலாம் என்பது ஏற்பாடு. நம் ஊர் அடகுக்கடைக்காரர் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு நகையை நம்மிடமே விட்டுவைப்பாரா? அதேதான்.

லிக்டன்ஸ்டைன் என்ற சின்னஞ்சிறு நாடு இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய டோக்கன் சட்டம், டோக்கனை ஒரு பாத்திரமாகப் பார்க்கிறது. உள்ளே எந்த உரிமையையும் ஊற்றி வைக்கலாம். ஆனால் ஊற்றி வைப்பது கையால் தொடக்கூடிய பொருளின் உரிமை என்றால், அந்தப் பொருள் இருக்கிறது, டோக்கன்காரர் கேட்டால் அது கிடைக்கும் என்பதற்குப் பொறுப்பேற்க ஒரு பதவியையே சட்டம் உருவாக்கியிருக்கிறது. தமிழில் 'பொருள் பொறுப்பாளர்' எனலாம். இடைத்தரகரே வேண்டாம் என்று தொடங்கிய தொழில்நுட்பத்துக்கு, சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் முதலில் சேர்த்த ஆட்களில் ஒருவர் இந்தக் குடோன்காரர். இதில் கேலி இல்லை. அது மிகத் தெளிவான சிந்தனை.

அமெரிக்காவில் கதை வேறு வழியாகப் போகிறது. அங்கே எல்லாரும் 1946-ஆம் வருடத்து ஓர் ஆரஞ்சுத் தோட்ட வழக்குக்குத் திரும்பிப் போவார்கள். ஃப்ளோரிடாவில் ஹோவி என்ற நிறுவனம் தோட்டத்தை நீள நீளத் துண்டாக விற்றது. வாங்கியவர்களில் பலர் பக்கத்திலிருந்த அவர்களுடைய ஹோட்டலில் தங்க வந்த வெளியூர்க்காரர்கள். விவசாயம் தெரியாது. அதனால் தண்ணீர் பாய்ச்சுவது, பறிப்பது, விற்பது எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும், லாபத்தைப் பங்கு போடும் என்று கூடவே ஓர் ஒப்பந்தம். நாங்கள் நிலம் விற்கிறோம் என்றது நிறுவனம். பணம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, லாபத்தை எதிர்பார்த்துப் போடுகிறார்கள், ஆகவே இது முதலீட்டுப் பத்திரம்தான் என்றது உச்ச நீதிமன்றம். ஆரஞ்சு மரத்துக்குப் பதில் ரோலக்ஸைப் போட்டுப் பாருங்கள், தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

நம்மிடமும் ஓர் ஆரஞ்சுத் தோட்டம் உண்டு, மரம்தான் வேறு. 1990-களில் தேக்குத் திட்டங்கள் தமிழ்நாட்டில் எப்படி ஓடின என்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கன்றுக்கு இவ்வளவு கட்டுங்கள், இருபது வருடத்தில் மரம் லட்சமாகத் திரும்பி வரும் என்றார்கள். மரத்துக்கு எண் போட்ட சான்றிதழ்கூட வீட்டுக்கு வந்தது. மரம் எந்த ஊரில் நின்றது என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பிறகு ஈமு கோழி வந்தது, 2012-ல் பெருந்துறைப் பக்கம் அதுவும் சரிந்தது. இந்தத் தேக்குக் காலத்துக்குப் பிறகுதான், 1999-ல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பலர் பணத்தைச் சேர்த்து, லாபத்தை எதிர்பார்த்து, வேறொருவர் நிர்வகிக்க, போட்டவர்களுக்கு அன்றாடக் கட்டுப்பாடு இல்லாத ஏற்பாடு என்றால் அதற்குள் வரும். வாட்ச் டோக்கன் ஆப்காரர்கள் "நாங்கள் முதலீட்டுத் திட்டம் நடத்தவில்லை, டெக்னாலஜி கம்பெனிதான்" என்று சொல்லும்போது எனக்கு அந்தத் தேக்குக் கன்றுச் சான்றிதழ்தான் கண்ணில் வரும்.

டோக்கன் விற்பவர்கள் சொல்லும் பெரிய நன்மை, நினைத்தபோது விற்கலாம் என்பது. ஓவியத்தை விற்க மாதக்கணக்கில் ஏலத்துக்குக் காத்திருக்க வேண்டும், டோக்கனை ராத்திரி இரண்டு மணிக்கும் விற்கலாம். விற்கலாம்தான், வாங்க ஆள் இருந்தால். 2018-ல் மெசீனஸ் என்ற தளம் ஆண்டி வார்ஹோலின் '14 சிறிய மின்சார நாற்காலிகள்' என்ற படத்தின் பங்குகளை லண்டன் கேலரி ஒன்றோடு சேர்ந்து விற்றது. படத்துக்கு 56 லட்சம் டாலர் மதிப்பு போட்டார்கள். 49 சதவீதம் வரை விற்கத் தயாராக இருந்தார்கள். விற்றது 31.5 சதவீதம், 17 லட்சம் டாலருக்கு. உலகத்திலேயே முதல் முறை என்று தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் பெரும்பான்மை பழைய சொந்தக்காரரிடமே இருந்தது என்பதைக் கவனியுங்கள். சிறுபான்மைப் பங்காளி எந்தக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் என்ன பாடுபடுவார் என்று நமக்குத் தெரியாததா? அப்புறம், கொஞ்சம் பேர் மட்டும் வைத்திருக்கும் ஒரு பங்குக்குச் சந்தை என்று ஒன்று எப்படி உருவாகும்? பங்குச் சந்தையில் ஒரு நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டும், அதை வைத்து ஒருவர் வாங்கவும் இன்னொருவர் விற்கவும் காரணம் இருக்கும். சுவரில் தொங்கும் படம் காலாண்டு முடிவு எதையும் வெளியிடாது. புதுச் செய்தி இல்லாத இடத்தில் வியாபாரம் ஓடாது.

மதிப்பு போடுவது என்பதே சேற்றில் கால் வைக்கிற காரியம். லே ஃப்ரீபோர்ட்டைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஈவ் பூவியே என்ற சுவிஸ் வியாபாரி. 'உலக ரட்சகர்' என்ற கிறிஸ்து ஓவியத்தை, லியோனார்டோ டாவின்சி வரைந்தது என்று சொல்லப்படுவதை, 2013-ல் ஏறக்குறைய 8 கோடி டாலருக்கு வாங்கி, ரஷ்யக் கோடீஸ்வரர் திமித்ரி ரிபோலோவ்லெவுக்கு 12.75 கோடிக்கு விற்றார். தரகராக நம்பினேன், ஏமாற்றிவிட்டார் என்று ரிபோலோவ்லெவ் பல நாடுகளில் வழக்குத் தொடர்ந்தார். நான் தரகர் இல்லை, வாங்கி விற்கும் வியாபாரி என்பது பூவியேயின் பதில். 2023-ல் சமரசம் ஆனது. அதே படம் 2017-ல் 45 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே படம் 1958-ல் லண்டனில் விற்றது 45 பவுண்டுக்கு. லியோனார்டோவின் கைதானா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கோடீஸ்வரருக்கே தன் படத்தின் நியாய விலை தெரியவில்லை. ஆப்பில் பத்தாயிரம் போடுகிறவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? டோக்கன் விற்கிற நிறுவனம் தானே போட்ட மதிப்பைத்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. மாஸ்டர்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஓவியங்களைப் பங்கு பிரித்து விற்கிறது. வருடத்துக்கு 1.5 சதவீதம் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் என்பது அவர்கள் முறை. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 100 ரூபாய் போடுகிறீர்கள். ஐந்து வருடத்தில் பொருளின் விலை 40 சதவீதம் ஏறி 140 ஆகிறது. நல்ல ஏற்றம்தான். விற்கும்போது ஏலச் செலவு, தரகு என்று பத்து சதவீதம் போனால் 126. ஐந்து வருடக் கட்டணம் 7.50 போக 118.50. லாபம் 18.50-ல் நிறுவனத்தின் பங்கு 3.70. உங்கள் கையில் 114.80. பொருள் ஏறியது 40, உங்களுக்கு வந்தது 15-க்கும் கீழே. வருடத்துக்கு 2.8 சதவீதம். தெருமுனை வங்கியில் டெபாசிட் போட்டாலே இதைவிட அதிகம் வரும், அங்கே காபியும் கிடைக்கலாம்.

அதுவும் ஏறினால்தான். நைட் ஃபிராங்க் நிறுவனம் ஆடம்பரப் பொருட்களுக்கென்று வருடா வருடம் ஒரு குறியீடு வெளியிடும். 2024-ல் அது 3.3 சதவீதம் இறங்கியது. ஓவியம் மட்டும் 18.3 சதவீதம் சரிவு, ஒயினும் விஸ்கியும் தலா 9 சதவீதம் சொச்சம். தப்பித்தவற்றில் முதலிடம் கைப்பைக்கு, 2.8 சதவீத ஏற்றம். டோக்கன் விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் வரைபடம் பெரும்பாலும் 2022-ல் முடிந்துவிடும். ஏன் என்று இப்போது புரியும்.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குகிறவருக்கு வரியில் ஒரு சுவாரசியமான முடிச்சு இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. மேலே சொன்ன 14.80 லாபத்துக்கு இதைப் போட்டால் மிஞ்சுவது பத்து ரூபாய் சொச்சம், வருடத்துக்கு 2 சதவீதம். என்எஃப்டியும் இந்த வலைக்குள்தான். ஆனால் அதே வருடம் ஜூன் 30-ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிவிக்கையில் ஒரு விலக்கு கொடுத்தது. என்எஃப்டி கைமாறினால் அதன் பின்னால் உள்ள கையால் தொடக்கூடிய பொருளின் உரிமையும் கைமாறும் என்றால், அந்த உரிமை மாற்றம் சட்டப்படி செல்லுபடியாகும் என்றால், அது இந்த வலைக்குள் வராது.

அந்த அறிவிக்கையை முதல் முறை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நேரம் நாம் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை வரித்துறை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டது. டோக்கன் மாறினால் பொருள் மாறுமா, கோர்ட்டில் நிற்குமா? நிற்கும் என்று விற்பவர் சொன்னால், அதற்கான ஆதாரத்தை அவரிடம் எழுத்தில் கேட்கலாம். நழுவினால், அதுவும் ஒரு பதில்தான். டோக்கனே சொத்தா என்ற கேள்விக்கு மட்டும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்துதான், அதை இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்தார். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ வியாபாரத் தளத்தில் நடந்த பெரும் திருட்டுக்குப் பிறகு, கணக்கு முடங்கிப்போன ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கு அது. டோக்கன் உங்களுடையது என்பதற்கு அது பலம். டோக்கனுக்குப் பின்னால் இருக்கும் வாட்ச் உங்களுடையதா என்பது வேறு வழக்கு.

பொருளுக்கும் டோக்கனுக்கும் உள்ள இந்த உறவை 2021 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு கூட்டம் தலைகீழாக்கிப் பார்த்தது. கலைப் பொருள் வாங்க முட்டிமோதுபவர்களை முட்டாள்கள் என்று கிண்டல் செய்யும், பேங்க்ஸி என்ற தெருச்சுவர் ஓவியரின் ஏலக் காட்சி அச்சுப்படம் ஒன்றை 95,000 டாலருக்கு வாங்கினார்கள். கேமரா முன்னால் லைட்டர் வைத்துக் கொளுத்தினார்கள். அதன் டிஜிட்டல் நகலுக்கு என்எஃப்டி போட்டு 228.69 ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு விற்றார்கள், அன்றைய கணக்கில் 3,80,000 டாலர். படம் இல்லாமல் போனால் மதிப்பு முழுவதும் டோக்கனுக்கு வந்து சேரும் என்பது அவர்கள் வாதம். குடோன் பிரச்சினையைத் தீர்க்க அதுவும் ஒரு வழிதான், குடோனில் வைக்க எதுவும் மிச்சமில்லை.

இன்னொரு பக்கம் பிளாக்பார், மது பாட்டில்களை டோக்கனாக்கி விற்கும் தளம். இந்தத் தொழிலில் எனக்கு ஓரளவு மரியாதை இருப்பது இந்த மாதிரி ஏற்பாட்டின் மேல்தான். 2021 அக்டோபரில் 46 வருடம் ஊறிய 1973 கிளென்ஃபிடிக் விஸ்கியை விற்றார்கள். 15 பாட்டில், 15 டோக்கன், ஒன்று 18,000 டாலர். பங்கு பிரிக்கும் வேலை இல்லை, ஒரு டோக்கனுக்கு ஒரு முழுப் பாட்டில். சரக்கு மதுவடிப்பாலையிலிருந்தே நேராக வருவதால் ரூடி குர்னியவான்களுக்கு நடுவில் நுழைய இடமில்லை. பாட்டில் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இருக்கும். டோக்கனைக் கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். பாட்டிலே வேண்டும் என்று கேட்டால் டோக்கனைப் பதிவேட்டில் செல்லாததாக்கிவிடுவார்கள், பாட்டில் வீட்டுக்கு வரும். சென்னை முகவரி என்றால் சுங்க வரி தனிக் கதை. பதினைந்து பேரில் ஒருவர் பொறுமை இழந்து மூடியைத் திருகினால், சிங்கப்பூர் குடோனில் மிச்சம் பதினாலு.